யாரிடமும் சொல்லாதேயுங்கள், டீச்சர்

மும்பை தாராவியில் ஒரு பாலர் பள்ளியில் 2002-ஆம் ஆண்டு முதல் பணியாற்றி வருகிறேன். எங்கள் சந்தில் அதைப் பால்வாடி என்றே அழைப்பார்கள். ஒரே அறை, மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள முப்பது பிள்ளைகள். பெற்றோரில் பலர் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தாய்மார் விடிந்ததும் மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் வீட்டு வேலைக்குச் சென்றுவிடுவார்கள். பகல் முழுவதும் அந்தப் பிள்ளைகள் எங்கள் கையில்தான்.

2004-இல் நடந்ததை முதலில் எழுத வேண்டும். எழுத மனம் கூசுகிறது. பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடியவற்றை மறைத்தும் மாற்றியுமே எழுதுகிறேன் என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வார்களாக.

நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று அடங்கிப்போனாள். மதிய உறக்கத்திற்குப் படுக்க மறுத்தாள்; விழித்திருக்கும்போதே உடையை நனைத்தாள். ஒரு நாள் தலை சீவிவிடும்போது, தங்கள் வீட்டு மேல்தட்டில் தங்கியிருந்த ஊர்க்காரரைப் பற்றி என் காதோடு ஒன்று சொன்னாள். அந்த வயதுப் பிள்ளை தானாகக் கற்பனை செய்து சொல்லக்கூடிய காரியம் அல்ல அது.

மாலையில் தாயிடம் சொன்னேன். அவள் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, "யாரிடமும் சொல்லாதேயுங்கள், டீச்சர். இவளுக்கு நாளைக்கு ஒரு வாழ்க்கை வேண்டாமா?" என்று அழுதாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். இருவரும் முழங்காற்படியிட்டு ஜெபித்தோம். ஜெபித்தது தவறல்ல, அதோடு நிறுத்தியதுதான் தவறு. அடுத்த வாரம் பிள்ளையைப் பாட்டியின் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதரோ அதே சந்தில், அதே மேல்தட்டில், பல ஆண்டுகள் இருந்தார். அங்கே வேறு பிள்ளைகளும் இருந்தார்கள். அதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று போக்சோ சட்டம் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. அச்சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பின்னர் ஒரு பயிற்சிக் கூட்டத்தில்தான் அதன் 19-ஆம் பிரிவைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்ததை அறிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எவராயினும் காவல்துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆகவேண்டும். குற்றத்தை மெய்ப்பிப்பது ஆசிரியையின் வேலை அல்ல. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தம்கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது வழக்கு வராது. நான் கொடுத்தது போன்ற வாக்குக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

2017-இல் ஐந்து வயதுப் பையன் ஒருவன். மாலையில் அவனை அழைத்துப்போக உறவினர் ஒருவர் வருவார். அவருடைய குரல் கேட்டதும் பிள்ளை பெஞ்சின் அடியில் போய் ஒளிந்துகொள்வான். நாங்கள் விளையாட்டு என்று எண்ணிச் சிரித்திருக்கிறோம். ஆண்பிள்ளைக்கு என்ன நேர்ந்துவிடப்போகிறது என்பது நம்மவரிடம் ஊறிப்போன எண்ணம். மத்திய மகளிர், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் ஆண்பிள்ளைகளே. துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் பிள்ளைக்கு அறிமுகமானவர்கள், அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்.

அவன் பேசத் தொடங்கியபோது நான் துருவிக் கேட்கவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். தமிழும் ஹிந்தியும் கலந்த அவனுடைய சொற்களை அப்படியே நோட்டில் எழுதி, தேதியும் நேரமும் குறித்தேன். என் சொல்லாக எதையும் மாற்றவில்லை. "உன்மேல் ஒரு குற்றமும் இல்லை, நீ சொன்னது நல்லது" என்றேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. எங்கள் நிர்வாகி, "முதலில் அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிப்போமே" என்றார். விசாரித்திருந்தால் பிள்ளையை அன்றே மிரட்டி வாயை அடைத்திருப்பார்கள். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே நான் 1098-ஐ அழைத்தேன். 1996-இல் இதே மும்பையில் தொடங்கப்பட்ட உதவி எண் அது. 2023-இல் 112 அவசர எண்ணோடு இணைக்கப்பட்டு அரசின் பொறுப்பில் நடக்கிறது. 1098 என்று அழைத்தாலும் கிடைக்கும்.

காவல் நிலையத்திற்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவார்கள் என்றே நான் பயந்திருந்தேன். அப்படி நடக்கவில்லை. பெண் அதிகாரி ஒருவர் சீருடை இல்லாமல் சுரிதாரில் பாட்டி வீட்டிற்கு வந்தார். அவன் தன் பொம்மைக் கார்களை ஒவ்வொன்றாக அவருக்குக் காட்டி முடித்த பிறகே பேச்சுத் தொடங்கியது. பிள்ளையின் வாக்குமூலத்தை இப்படித்தான் பெறவேண்டும் என்று சட்டமே சொல்லுகிறதாம்.

எனக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். "டீச்சர் எங்கள் குடும்பத்தைக் குலைத்துவிட்டார்" என்று பையனின் தாய் சந்து முழுவதும் சொன்னாள். இரண்டு வீட்டார் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். ஆராதனையில் என் அருகில் வழக்கமாக உட்காரும் சகோதரி இடம் மாறி அமர்ந்தார். ஊரைவிட்டு வந்த நமக்குச் சபைதான் சொந்தபந்தம். அங்கே முகம் திருப்பப்படுவது எவ்வளவு கொடியது என்று அப்போது அறிந்தேன். ஆனாலும் அந்த உறவினர் மாலையில் எங்கள் வாசலுக்கு வருவது நின்றது. பெஞ்சின் அடியிலிருந்து பிள்ளையும் வெளியே வந்தான்.

ஞாயிறு பள்ளியைக் குறித்தும் ஒன்று கேட்கிறேன். நன்றாக ஜெபிக்கிறார், பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறார் என்பதற்காகப் புதிதாக வந்த ஒருவரிடம் சிறுபிள்ளைகளை ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்கள் ஆராதனைக்குப் போய்விடுவதில்லையா? பிள்ளைகளோடு பழகும் பணியாளர் ஒவ்வொருவரைக் குறித்தும் காவல்துறைச் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு விதிகள் பள்ளிகளுக்கும் குழந்தைக் காப்பகங்களுக்கும் கட்டளையிடுகின்றன. எங்கள் சபையில் நான் இதைச் சொன்னபோது சிலர் புண்பட்டார்கள். போதகர் மட்டும் மறுவாரமே ஞாயிறு பள்ளி அறையின் கதவைக் கழற்றச் சொன்னார். இப்போது எந்த வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். கழிவறைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும்போது வெளிக்கதவைத் திறந்தே வைக்கிறோம்.

பையனின் தங்கையும் பிற்பாடு எங்கள் பால்வாடிக்குத்தான் வந்தாள். வேறு பள்ளிகள் அருகில் இருந்தும் அந்தத் தாய் அவளை எங்களிடமே சேர்த்தாள். தினமும் காலையில் என் கையில் பிள்ளையைக் கொடுப்பாள். என் முகத்தைப் பார்க்கமாட்டாள், ஒரு வார்த்தையும் பேசமாட்டாள். ஆனால் சந்து திரும்பும்வரை, நான் பிள்ளையை உள்ளே அழைத்துச் சென்றுவிட்டேனா என்று இரண்டு முறை திரும்பிப் பார்ப்பாள்.