கருமையாய் விழும் படங்கள்



அலமாரியில் கிடந்த பழைய டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் படமெல்லாம் கருமையாகவே விழுகின்றதா? அதை எறிந்துவிடாதிருங்கள். என் தாயாரின் கடைசிப் படங்கள் அத்தகைய கேமராவின் மெமரி கார்டில்தான் இருந்தன. ஆகவே, முதலாவது கார்டைக் கழற்றி, அதிலுள்ளவற்றைக் கணினியில் பத்திரப்படுத்துங்கள்.

பின்பு, முன்னர் எடுத்த படங்களைக் கேமராவின் திரையில் பாருங்கள். அவை தெளிவாகத் தெரிந்தால் திரையில் குறையில்லை. நல்ல பேட்டரி இட்டு, அமைப்புகளை ஆரம்ப நிலைக்கு மாற்றி, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். அதுவும் கருமையெனில், ஃபிளாஷை அணைத்துவிட்டு, லென்ஸுக்குள் உற்றுநோக்கியபடி பொத்தானை அழுத்துங்கள். உள்ளிருக்கும் ஷட்டர் இதழ்கள் அசையாமல் மூடியே இருந்தால் தடை அங்கேதான். அவை திறந்து மூடினால், ஒளியை ஏற்கும் சென்சாரையே சந்தேகிக்க வேண்டும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் சிசிடி சென்சாரின் உள் இணைப்புகள் விடுபடக்கூடும் என்று 2005-ஆம் ஆண்டில் பல நிறுவனங்கள் அறிவித்து, இலவசமாகச் சீர்செய்தன. நம் தட்பவெப்பமும் அத்தகையதே அல்லவா?

கேமராவை நீங்களே பிரிக்க வேண்டாம். பேட்டரியை எடுத்த பின்னும் ஃபிளாஷின் மின்தேக்கியில் ஏறத்தாழ 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

எங்கள் கேமராவில் சென்சாரே பழுதாயிற்று; அது மீளவில்லை. அம்மாவின் படங்களோ ஒன்றும் குறையாமல் கிடைத்தன. காணும் திறனை இழந்த கருவியும், முன்பு கண்டதைப் பத்திரமாய்க் காத்து வைத்திருந்தது. இந்த வாரமே உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள்.