லிட்டர் வெயிட் தெரிந்த இன்ஜினியர்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் போடியில் என்னைத் தேடி வருகிற பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எந்தக் கோர்ஸில் சேர்த்தால் ஐ.டி. வேலை கிடைக்கும்? நான் பி.காம். படித்தவன். டெஸ்டராக உள்ளே நுழைந்து, பிசினஸ் அனலிஸ்டாக மாறி, இப்போது சொந்த ஊரில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன். கோர்ஸ் வாசல்வரை கொண்டுபோய் விடும், உள்ளே நிலைக்க வைப்பது வேறு என்று அவர்களுக்குச் சொல்வேன். அந்த ‘வேறு’ என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஐ.டி.யில் இருப்பவர்கள் எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் என்பது வெளியே இருக்கும் நினைப்பு. இயற்பியல், கணிதம், மெக்கானிக்கல், வணிகவியல் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்களோடுதான் நான் வேலை பார்த்திருக்கிறேன். துறையே அப்படிப் பல கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, சம்பளத்தோடு மேற்படிப்பும் படிக்கவைக்கும் திட்டத்தை விப்ரோ 1990-களிலேயே தொடங்கியது. கல்லூரிப் பட்டமே இல்லாத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்தும் பள்ளியை ஸோஹோ 2000-களின் நடுவில் ஆரம்பித்தது. ஹெச்.சி.எல். பிளஸ் டூ முடித்தவர்களை நேரடியாக எடுக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2011-ல் இருந்து கிடைத்த இலவச லேப்டாப், பல வீடுகளில் முதல் கம்ப்யூட்டர். 2012-ல் போடிக்கே அரசு பொறியியல் கல்லூரி வந்தது. இங்குள்ள சிபிஏ காலேஜோ அதற்கும் வெகு முன்பிருந்தே ஏலக்காய்த் தோட்டத்துப் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கி வருகிறது.

உள்ளே போன பிறகும் பாதை ஒன்றல்ல. சப்போர்ட்டில் இரவு ஷிப்ட் பார்த்து டேட்டாபேஸ் பக்கம் போனவர்கள் உண்டு. டெஸ்டிங்கில் இருந்து டெவலப்பர் ஆனவர்கள் உண்டு. கணக்குப் படித்துவிட்டு எஸ்.ஏ.பி. மென்பொருளின் நிதிப் பிரிவில் ஆலோசகராக இருப்பவர்களும் உண்டு. நெட்வொர்க், செக்யூரிட்டி, டாக்குமென்டேஷன் என்று ஒவ்வொன்றும் தனி வேலை, தனித் திறமை. இவர்களில் நிலைத்து நின்றவர்களிடம் பொதுவாக ஒன்றைப் பார்த்தேன். யாருக்காக அந்த சாஃப்ட்வேர் எழுதப்படுகிறதோ, அவர்களுடைய தொழிலைப் புரிந்துகொள்வதில் இவர்களுக்கு அக்கறை இருந்தது.

நம்ம ஊர் சரக்கையே எடுத்துக்கொள்வோம். ஏலக்காய் வியாபாரிக்கு ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுத வேண்டும். தரத்தைப் பதிவு செய்யும் திரையில் ‘லிட்டர் வெயிட்’ என்று ஓர் இடம் வேண்டும் என்கிறார் வியாபாரி. காய்ந்த சரக்குக்கு லிட்டர் எதற்கு என்று புதிதாக வந்த டெவலப்பர் அதைத் தூக்கிவிடலாம். ஆனால் ஒரு லிட்டர் அளவுக்கு எத்தனை கிராம் காய் பிடிக்கிறது என்பதுதான் காய் எவ்வளவு திரட்சி என்பதைக் காட்டும். ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்கிற அக்மார்க் ரகத்துக்குக் காய் 7 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, லிட்டர் வெயிட் 435 கிராமுக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டு எண்ணும் தெரியாமல் கட்டிய திரை, கோடவுனில் ஒரு நாள்கூடத் தாங்காது.

வரிக்கு வாருங்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது எல்லா ஊர்க் கடைகளின் சாஃப்ட்வேரும் மாற வேண்டியிருந்தது. போடி வியாபாரி கேரளத்துப் புத்தடி ஏலத்தில் எடுத்த மூட்டை கம்பம்மெட்டு வழியாக வந்தாலும் போடிமெட்டு வழியாக வந்தாலும் மாநில எல்லையைத் தாண்டித்தான் இறங்குகிறது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் ஈ-வே பில் வேண்டும். கிலோ 2,000 ரூபாய் என்று வைத்து, 24 கிலோவுக்குக் கணக்குப் போடுங்கள். 48,000 ரூபாய்தான் வருகிறது, பில் வேண்டாம் என்று தோன்றும். ஆனால் சட்டப்படி மதிப்பில் வரியும் சேரும். ஏலக்காய்க்கு 5 சதவீதம் சேர்த்தால் 50,400. பில் கட்டாயம். டெஸ்டர் என்பவர் எழுத வேண்டிய டெஸ்ட் கேஸ் இதுதான்: 23 கிலோ, 24 கிலோ, 25 கிலோ, மூன்றுக்கும் தனித்தனியாகச் சோதனை. வெளியூர்க்காரர் கண்ணுக்கு 24 கிலோ ஒரு சின்னப் பை. அதில் ஒரு வரம்பு ஒளிந்திருப்பது, கமிஷன் கடையில் உட்கார்ந்து பில் எழுதிய வீட்டுப் பிள்ளைக்குச் சட்டென்று தட்டும்.

ஏலக்காய் ஏல மையத்திலும் இதையேதான் பார்க்கிறேன். வாய்விட்டு விலை கேட்ட ஏலத்தின் இடத்தில் 2007-ல் மின்னணு ஏலத்தை ஸ்பைசஸ் போர்டு கொண்டுவந்தது. 2021-ல் கிளவுட் வழி நேரடி ஏலம் வந்தபின், போடியில் இருப்பவரும் புத்தடியில் இருப்பவரும் ஒரே லாட்டுக்கு ஒரே நேரத்தில் விலை கேட்கலாம். மலைக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர், இருவரும் ஒரே நொடியில் ஒரே விலையைத் தட்டினால் லாட் யாருக்கு? மழைநாளில் ஒரு பக்கம் இணைப்பு அறுந்தால் ஏலத்தை நிறுத்துவதா, தொடர்வதா? 2019 ஆகஸ்டில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. இவ்வளவு விலை வரவே வராது என்று நினைத்து யாராவது 5,000-க்கு மேல் தவறு என்று கோடு எழுதியிருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும்? இவற்றுக்குப் பதில் எந்தக் கம்ப்யூட்டர் பாடப் புத்தகத்திலும் முழுசாகக் கிடைக்காது. விவசாயியும் வியாபாரியும் எதை நியாயம் என்று ஏற்பார்கள் என்பது தெரிந்தவர் கேட்டுச் சொல்ல வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் பிசிஏ இறுதியாண்டு படிக்கும் பெண் ஒருத்தி இன்டர்வியூவுக்குத் தயாராக வந்தாள். தயங்கிக் கேட்டாள்: “அண்ணே, எங்கம்மா கோடவுன்ல காய் பொறுக்கப் போறாங்க. குடும்பத்தப் பத்திக் கேட்டா அதச் சொல்லணுமா?”

“நீ பொறுக்கியிருக்கியாம்மா?”

“லீவுல போவேண்ணே.”

“எப்படிப் பிரிப்பீங்க, சொல்லு.”

மடமடவென்று சொன்னாள். பச்சை மங்காத காய் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடித்தது தனி, இலைப்பேன் தாக்கிச் சொறி விழுந்தது தனி. இரண்டு பேர் ஒரே காயை வேறு வேறு குவியலில் போட்டால் யார் சொல்வதை எடுத்துக்கொள்வது என்பதற்கும் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. படம் பார்த்துக் காயைத் தரம் பிரிக்கும் மென்பொருளைப் பழக்க, இப்படிப் பெயர் சொல்லிப் பிரித்துத் தரும் ஆள்தான் முதல் தேவை. அதைத்தான் அவளிடம் சொன்னேன். அம்மாவின் வேலையை மறைக்காதே, அதில் நீ கற்றதைப் பிரித்துச் சொல், அப்படியே எழுதியும் பழகு என்றேன்.

ஊர் அறிவு மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. எஸ்.க்யூ.எல். தெரிய வேண்டும். லினக்ஸ் திரையில் லாக் ஃபைலைத் திறந்து, எந்த நிமிடத்தில் எது உடைந்தது என்று படிக்கத் தெரிய வேண்டும். ‘ஆப் வேலை செய்யவில்லை’ என்று எழுதுவது புகார். ‘24 கிலோ, 2,000 ரூபாய், கேரளாவில் இருந்து தமிழ்நாடு என்று கொடுத்தால் ஈ-வே பில் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்’ என்று எழுதுவது பக் ரிப்போர்ட். இங்கிலீஷ் இலக்கணம் சற்றுத் தடுமாறினாலும் இந்த இரண்டாவது மாதிரி எழுதுகிறவரை எந்த டீமும் விடாது. கேள்வி கேட்கக் கூச்சப்படாமல் இருப்பதும் இந்தத் தொழிலின் திறமைதான். தமிழ்வழியில் படித்துவந்த நம் பிள்ளைகள் பின்தங்குவது பெரும்பாலும் அறிவில் அல்ல, இந்தக் கூச்சத்தில்.

இப்போது செயற்கை நுண்ணறிவே கோடு எழுதித் தருகிறது, இனி யாருக்கு வேலை என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். ஆரம்ப நிலை வேலைகள் மாறும் என்பது உண்மை, அந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது எழுதித் தந்த பில்லிங் கோடு 24 கிலோவில் சரியாக நடக்கிறதா என்று கேட்க, 24 கிலோ ஏன் முக்கியம் என்று தெரிந்த ஆள் வேண்டும். கோடு எழுதும் கை மலிவாக மலிவாக, சரியா தப்பா என்று சொல்லும் கண்ணுக்கு விலை ஏறும் என்பது என் நம்பிக்கை.

ஆகவே பெற்றோருக்கு என் பதில் இது. பிள்ளைக்குப் பிடித்த, உங்களால் கட்டமுடிந்த கோர்ஸில் சேருங்கள். கூடவே லீவு நாளில் ஒரு தொழிலை, தோட்டமோ கடையோ கோடவுனோ, கண்திறந்து பார்க்கவையுங்கள். அங்கே கணக்கு எப்படி ஓடுகிறது, எங்கே தகராறு வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இன்டர்வியூவுக்கு அந்த நோட்டையும் படித்துவிட்டுப் போகட்டும்.