கோச்சா, டாக்டரா?

போன வாரம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் காலை நடைக்குப் போயிருந்தபோது, என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணே, மருமகன் ஆறு மாசமா சரியா இல்ல. தூக்கம் இல்ல, யாரோடயும் பேச்சில்ல. ஆன்லைன்ல லைஃப் கோச்னு ஒருத்தர் இருக்காராம். அவர்கிட்ட விடவா, மனநல டாக்டர்கிட்ட காட்டவா? நீங்க ரெண்டு பேரையும் பாத்தவராச்சே" என்றார்.

நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2021 மே மாதக் கொரோனாவில் என் மனைவி போனாள். அதற்குப் பிறகு நான் சாப்பிட்டேன், தூங்கப் படுத்தேன், எழுந்தேன். அவ்வளவுதான். இரண்டு வருடம் கொரோனாவால் மக்கள் கூடாமல் நடந்த சித்திரைத் திருவிழா, 2022 ஏப்ரலில் பழையபடி வந்தது. எங்கள் வீடு கே.புதூரில். எதிர்சேவைக்கு அழகர் எங்கள் பக்கமாகத்தான் வருவார். ஊரே தெருவில் நின்றது. நான் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். நினைவு தெரிந்த நாளாக அப்படி ஒரு எதிர்சேவை எனக்கு இருந்ததில்லை.

பெங்களூரில் இருக்கும் மகன் பயந்துபோய் ஒரு லைஃப் கோச்சை ஏற்பாடு செய்தான். நாலு அமர்வுக்கு 12,000 ரூபாய். டாக்டரிடம் போகலாம் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரணம் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். மனநோய் என்றால் அந்தச் சங்கிலிதான் நம் கண்ணில் வருகிறது. கோச் என்றால் பக்கத்து வீட்டில் சொல்ல வெட்கமில்லை.

கோச் நல்ல பையன். என் மகன் வயதுதான் இருக்கும். காலை ஐந்து மணிக்கு எழ வேண்டும், அரை மணி நேரம் நடக்க வேண்டும், அன்றைய நாளில் நடந்த மூன்று நல்ல விஷயங்களை நோட்டில் எழுத வேண்டும் என்றார். எதையும் என்னால் செய்ய முடியவில்லை. நோட்டு வெள்ளையாகவே கிடந்தது. ஏற்கெனவே இருந்த பாரத்தோடு, இதுகூட முடியவில்லையே என்ற பாரமும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது அமர்வில் அவரே சொன்னார்: "சார், போக வேண்டிய இடம் தெரிஞ்சு, வழி தெரியாம நிக்கிறவங்களுக்குத்தான் நான் உதவ முடியும். உங்களுக்கு எழுந்திரிக்கவே முடியல. இது என் வேலை இல்ல. தயவுசெஞ்சு டாக்டரைப் பாருங்க." நாலாவது அமர்வுக்கான பணத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் அதுதான்.

பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு வாசலில் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா தூக்கம், பசி, எடை எல்லாம் விசாரித்தார். தைராய்டுக்கும் சர்க்கரைக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகு சாதாரணமாக, "ஐயா, வாழ வேண்டாம்னு தோணுதா?" என்று கேட்டார். ஒரு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

மனச்சோர்வு நோய் என்றார். மாத்திரை வேலை செய்ய மூன்று நாலு வாரம் ஆகும் என்றார், அப்படித்தான் ஆனது. கூடவே மனநல உளவியலாளரிடம் பேச வைத்தார்கள். "காய்ச்சல்தானே என்று இரண்டு நாள் தாமதித்தேன். முன்னாடியே அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால்..." என்று நெஞ்சுக்குள் வைத்திருந்ததை அங்கேதான் முதலில் வாய்விட்டுச் சொன்னேன். நாளைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கோச் கேட்டார். அன்றைக்கு என்ன நடந்தது என்று இவர் கேட்டார். எனக்கு முதலில் வேண்டியிருந்தது இந்தக் கேள்விதான்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. மனநல டாக்டர் மருத்துவம் படித்துப் பதிவு செய்தவர். மனநல உளவியலாளருக்கும் அதற்கான படிப்பும் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவும் உண்டு. லைஃப் கோச் என்று பலகை மாட்ட நம் நாட்டில் அப்படி அரசுப் பதிவு எதுவும் தேவையில்லை. நல்லவரும் இருப்பார், இரண்டு நாள் பயிற்சியோடு வந்தவரும் இருப்பார்.

அதற்காகக் கோச் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வருடம் கழித்து, டாக்டர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டு வந்த நேரத்தில், அதே கோச்சிடம் நானே போனேன். நாள் முழுக்க வெறுமனே இருக்கிறதே, என்ன செய்வது என்று கேட்டேன். இரண்டு பேரும் பேசிப் பேசித்தான் இந்த வலைப்பூ வந்தது. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். சுவரை எழுப்பியவர் டாக்டர், சித்திரத்துக்கு வழி சொன்னவர் கோச்.

ஆகவே நண்பரே, மருமகன் நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, வேலையை மாற்றலாமா என்று குழம்பினால் கோச்சிடம் போகட்டும். நீங்கள் சொன்னதைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. முதலில் டாக்டர். பெரியாஸ்பத்திரி இருக்கிறது. 1992 முதல் நம் மதுரையில் மனநலத்துக்காக இயங்கும் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம். அந்த ஒரு கேள்வியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இன்று ராத்திரியே, பக்கத்தில் உட்கார்ந்து, நீங்களே கேளுங்கள்.

2023 எதிர்சேவைக்கு நான் தெருமுனையில் நின்றேன். வருடா வருடம் அவள் ஏந்தும் சர்க்கரைச் சொம்பை அந்த வருடம் நான் ஏந்தினேன்.