தலைகீழ்ப் பேரம்

என் அம்மாவுக்குப் பேரம் பேசாமல் இருக்கத் தெரியாது. கீரைக்காரியிடம் பேசுவாள், ஆட்டோக்காரரிடம் பேசுவாள், கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டு விற்கிறவரைக் கூட விடமாட்டாள். 2011-லிருந்து மாதம் தவறாமல் அவளிடம் அகப்பட்டுக் கொண்ட ஒரு மனிதரைப் பற்றி இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அவர் எங்கள் ரோஸியைக் குளிப்பாட்ட வந்தவர்.

ரோஸி யார் என்கிறீர்களா? எங்கள் வீட்டு நாய். 'சடை நாய்' என்று நம் ஊரில் சொல்வார்களே, அந்த வகை. பலர் பொமரேனியன் என்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் 'இண்டியன் ஸ்பிட்ஸ்' என்று திருத்துவார்கள். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' ஹிந்திப் படத்தில் ஒரு வெள்ளை நாய் வெளுத்து வாங்கியதே, அதன் இனம்தான். அப்பா அதைத் துணிப்பையில் போட்டுக் கொண்டு வந்த அன்று, "நான் இதைத் தொடமாட்டேன்" என்று அம்மா சத்தியம் செய்தாள். அடுத்த வருஷம் அப்பா காலமாகிவிட்டார். அம்மாவின் சத்தியமும் அவரோடு போய்விட்டது. அதற்குப் பிறகு ரோஸி தூங்கியது அம்மாவின் கட்டிலடியில்தான்.

நாயைக் குளிப்பாட்டி, முடி சீவி, நகம் வெட்டுவதற்கு இப்போது 'குரூமிங்' என்று நாகரிகப் பெயர் வந்திருக்கிறது. குளுகுளு வசதி செய்த கடைகள் கூட இருக்கின்றன. எங்களவருக்கு அதெல்லாம் கிடையாது. பழைய மொபெட்டில் ஒரு பெரிய பையைத் தொங்கவிட்டுக் கொண்டு, மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று காலை எட்டு மணிக்கு வந்து நிற்பார். தையற்காரரையும் சமையற்காரரையும் அழைப்பது போல, அவரையும் நாங்கள் 'மாஸ்டர்' என்றே அழைத்தோம்.

வந்ததும் கச்சேரி ஆரம்பமாகும்.

"முந்நூறு ரூபாய், அம்மா."

"என்னப்பா அநியாயம்! என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டால் கூட இவ்வளவு ஆகாதே! இருநூறு."

கடைசியில் 250-ல் முடியும். அடுத்த மாதம் மறுபடியும் முந்நூறிலிருந்து தொடங்கும். விலைவாசியோடு தொகை ஏறியதே தவிர, இந்தச் சடங்கு மட்டும் மாறவே இல்லை.

ஆனால் வேலை என்று வந்துவிட்டால், மாஸ்டர் அம்மாவுக்குக் கூட மசியமாட்டார். ஒரு கத்திரி வெயிலில் ரோஸி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைப்பதைப் பார்த்துவிட்டு, "பாவம், மொட்டை அடித்துவிடப்பா" என்றாள் அம்மா.

"மாட்டேன், அம்மா."

"காசு கொடுப்பது நான்!"

"முடி அதோடது, அம்மா" என்றார் மாஸ்டர்.

பிறகு சீப்பால் முடியைப் பிரித்துக் காட்டினார். மேலே நீளமான முரட்டு முடி. அடியில் பஞ்சு போல இன்னொரு அடுக்கு. சிக்கில்லாமல் சீவி வைத்தால், இந்த இரண்டு அடுக்குக்கும் நடுவில் காற்று நின்று, குளிரை மட்டுமல்ல, வெயிலையும் தடுக்குமாம். வழித்துவிட்டால் தோல் வெந்து போகும். முடியும் பழையபடி வளரும் என்று சொல்ல முடியாது. நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது. நாய்க்குப் பாதத்தில்தான் வேர்வை. மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக் கொள்ள வேண்டும். அம்மா வாயடைத்துப் போனதை நான் முதல் தடவையாக அன்றுதான் கண்டேன்.

நாம் தேய்த்துக் கொள்ளும் சோப்பு நாய்க்கு ஆகாது, அதன் தோல் நம்முடையதை விட மெல்லியது என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நகத்துக்குள் ரத்தக்குழாய் ஓடுகிறது. கறுப்பு நகத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆகையால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சீவுவார். காது மடலிலும் விரலிடுக்கிலும் ஒளிந்திருக்கும் உண்ணிகளைத் தேடித் தேடி எடுப்பார். உண்ணிக் காய்ச்சல் வந்து செத்த நாய்களை அவர் பார்த்திருக்கிறார். இத்தனையையும் பேசிக் கொண்டே செய்தாலும், அவர் கண் அங்கே இருக்காது. கைதான் பார்க்கும்.

அந்தக் கை 2019-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறன்று சட்டென்று நின்றது.

"அம்மா, இங்கே கொஞ்சம் விரலை வையுங்க."

ரோஸியின் வயிற்றில், கடைசி மடிக்காம்புக்குப் பக்கத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. பெட்டை நாய்க்கு வழக்கமாக ஐந்து ஜோடிக் காம்புகள். கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கு வயதான காலத்தில் அங்கே கட்டி வருவது சகஜமாம். அதில் ஏறக்குறைய பாதி பொல்லாத கட்டியாக இருக்குமாம்.

"வயசானால் எல்லோருக்கும் ஏதாவது கட்டி வரத்தான் செய்யும். தானாகக் கரையும்" என்றாள் அம்மா. அவள் குரல் ஏனோ கடுமையாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, முறை இல்லாத நாளிலேயே மாஸ்டர் வந்துவிட்டார். "டாக்டரிடம் போனீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் பையைக் கீழே வைக்காமலே பேசினார்:

"டாக்டர் பார்க்கிற வரைக்கும் நான் இதைத் தொடமாட்டேன், அம்மா. காசும் வேண்டாம். வாயில்லாத ஜீவன் தானாகச் சொல்லுமா? நம்ம கைதான் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். வாயுள்ளவங்க சொல்லாமல் இருந்தால் அது வேறே விஷயம்."

அவர் எதையும் மனத்தில் வைத்துக் கொண்டு சொல்லவில்லை. போகிற போக்கில் சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்துக் கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு நான் கட்டுரை திருத்திக் கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் ரோஸியின் காதைத் தடவிக் கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் ஒன்று இருக்கிறதடி" என்றாள்.

இடது மார்பில். ஐந்து மாதமாக.

வாசகர்களே, ஊருக்கெல்லாம் ஆரோக்கியக் குறிப்பு எழுதுகிறவள் நான். அன்றும் என் மேஜையில் அப்படி ஒரு பக்கம்தான் கிடந்தது. அதே வீட்டில், அதே கூடத்தில், என் தாயார் ஐந்து மாதம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். "உனக்கு வேலை ஜாஸ்தி. எதற்குத் தொந்தரவு என்று இருந்துவிட்டேன்" என்றாள். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

அந்த மாதம் எங்களுக்கு இரண்டு ஆஸ்பத்திரி. ரோஸியை, 1903-லிருந்து இருந்து வரும் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனோம். அம்மாவை, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ல் உருவான அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். இருவருக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. ரோஸியின் கட்டி சாதுவானது. அம்மாவுடையது அப்படியல்ல. ஆனாலும் இன்னும் தாமதித்திருந்தால்தான் ஆபத்து என்றார்கள் டாக்டர்கள். பிறகு பல வாரம் கதிர்வீச்சு சிகிச்சையும் நடந்தது. அம்மா பிழைத்தாள்.

தையல் ஆறி ரோஸி மறுபடி குளிக்கலாம் என்று ஆன பிறகு, மாஸ்டர் வந்தார். அப்போது அவருடைய கட்டணம் 600 ரூபாய்.

"அறுநூறு, அம்மா" என்று வழக்கம் போல ஆரம்பித்தார்.

அம்மா பேசவில்லை. வலது கையால் எண்ணூறு ரூபாயை எடுத்து நீட்டினாள். இடது கையை அப்போது அவளால் முழுதாகத் தூக்க முடியாது.

மாஸ்டர் பணத்தைத் தொடவில்லை. "என்னம்மா, கோபமா? பேரம் பேசலேன்னா வேலை பிடிக்கலேன்னுதானே அர்த்தம்?" என்றார்.

அம்மா இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து ரோஸியின் முதுகைச் சீவ ஆரம்பித்தார். முதுகு முழுவதும் சீவி, வாலும் முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"நானூறு கொடுங்க, அம்மா. போதும்."

"என்னப்பா அநியாயம்! எழுநூறு வாங்கிக் கொள்."

"நானூற்றைம்பது. அதுக்கு மேலே கட்டாது."

அரை மணி நேரம் நடந்தது இந்தத் தலைகீழ்ப் பேரம். கடைசியில் 550-ல் முடிந்தது. இருவருக்கும் பரம திருப்தி.

ரோஸி 2022 வரை சௌக்கியமாக இருந்து, அம்மாவின் கட்டிலடியிலேயே போய்ச் சேர்ந்தது. மாஸ்டர் வந்து, கடைசி முறையாக அதன் முடியைச் சீவி விட்டார். அன்று பணப் பேச்சே எழவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது தெருவில் கிடைத்த குட்டி. ஒட்ட வெட்டின மாதிரி முடி. சீவுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் இரண்டாவது ஞாயிறன்று மொபெட் சத்தம் கேட்கத்தான் செய்கிறது. நகம் வெட்டி, காது பார்த்து, வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, அம்மாவின் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார்.

"செக்கப்புக்குப் போனீங்களா, அம்மா?"

"போனேன், போனேன். எவ்வளவு ஆச்சு?"

"இருநூறு."

"நாலு நகம் வெட்டுவதற்கா! நூறு."

நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருக்கிறேன். அந்தக் குரல் ஓங்க ஓங்க, எனக்கு நிம்மதியாக இருக்கிறது.