இரண்டு அங்குல ஆழம்

இரண்டே அங்குலம்! அளவுகோல் வைத்து அளந்தேன், ஐயமில்லை. ஆனால் எட்டிப் பார்த்த என் மாணவர்கள் சொன்னது என்ன? "ஐயா, கிணறு!" என்றனர். "அடியே இல்லாத கிணறு!" என்றான் ஒருவன். அளவுகோல் ஒன்று கூற, கண் வேறொன்று கூற, இரண்டுக்கும் நடுவே நின்றேன் நான்.

அந்தக் கிணற்றை வெட்டியவனும் நானே! வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன், வரலாறு கற்பிப்பவன். பள்ளிக் கண்காட்சிக்கு உங்கள் வகுப்பு என்ன தரும் என்று கேட்டபோது, கண்ணாடியும் விளக்கும் கொண்டு ஒரு சிறு ஒளிச்சிற்பம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? சிறு வயதில், முடிதிருத்தும் நிலையத்தில், எதிரெதிரே மாட்டிய இரு கண்ணாடிகளுக்கு இடையே உட்கார்ந்திருக்கிறேன். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டிய சிறுவர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பார்கள். அத்தனை பேரும் நானே! கடைசிச் சிறுவன் எங்கே இருக்கிறான் என்று தலையைத் திருப்பித் திட்டு வாங்கியதுமுண்டு.

அந்த வியப்பைக் கலையாக்கியவர்கள் உண்டு. ஜப்பானியக் கலைஞர் யயோய் குசாமா, 1965ஆம் ஆண்டு நியூயார்க்கில், ஓர் அறைக்குக் கண்ணாடிச் சுவர் அமைத்து, அதை எல்லையற்ற வெளியாக்கிக் காட்டினார். அவருக்கு அறை, எனக்கு ஒரு சாண் பெட்டி!

வேலை பெரிதல்ல. இரண்டு அங்குல உயரத்தில் ஒரு மரச்சட்டம். அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி. மேலே சாதாரணக் கண்ணாடி. அதில் ஒட்டிய சன் பிலிம், ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும், ஒரு பங்கை வெளியே விடும். இரண்டுக்கும் நடுவில், சட்டத்தின் உட்புறம் சுற்றிலும் 12 வோல்ட் எல்.இ.டி. விளக்கு நாடா. ஒளி கீழே மோதி மேலே வருகிறது. மேலே மோதிக் கீழே போகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு தப்பி வந்து நம் கண்ணைச் சேர்கிறது. வந்த ஒளியெல்லாம் நேர்க்கோட்டில் வந்ததாகவே கொள்வது மனத்தின் வழக்கம். எனவே, பலமுறை மோதி வந்த ஒளியைத் தொலைவிலிருந்து வந்ததாக எண்ணிக்கொள்கிறது! இரண்டிரண்டு அங்குல இடைவெளியில் விளக்குகள் அடுக்கடுக்காக இறங்குகின்றன. 10ஆம் அடுக்கு 19 அங்குல ஆழத்தில் தோன்றும். மோதலுக்கு மோதல் ஒளி குறைவதால், அடுக்குகள் மங்கி மங்கி இருளில் கரையும்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு. நடந்தது வேறு. நண்பகல் நேரம், மாணவர்கள் சூழ்ந்து நிற்க, பெருமிதத்தோடு விசையைத் தட்டினேன். பெட்டிக்குள் என்ன தெரிந்தது? என் முகம்! அதற்குப் பின்னே, சோகை பிடித்தாற்போல் நாலைந்து விளக்குகள். சிரிப்பு எழுந்தது. "வரலாற்று ஆசிரியருக்கு ஏன் இந்த வேலை?" என்றார் வாயிற்படியில் நின்ற நண்பர் ஒருவர்.

அப்போது கடைசிப் பலகையிலிருந்து ஒரு குரல். "ஐயா, ஜன்னலைச் சாத்தலாமா?"

குரலுக்குரியவனை நான் அறிவேன். அறிவேன் என்றுதான் எண்ணியிருந்தேன். வகுப்பில் நாள்தோறும் தூங்குபவன். அவனுடைய மதிப்பெண் அட்டையில், 'கவனமில்லாதவன்' என்று சிவப்பு மையில் எழுதியவன் நான். "நீ உட்கார்" என்று சொல்ல வாயெடுப்பதற்குள், நான்கு ஜன்னல்களையும் சாத்தி, மேலே எரிந்த குழல் விளக்கையும் அணைத்தான். கிணறு திறந்தது! என் முகம் மறைந்தது. அடுக்கடுக்காய் ஒளி அடியாழம் வரை இறங்கிற்று.

"எப்படித் தெரியும் உனக்கு?"

"எந்தப் பக்கம் வெளிச்சம் அதிகமோ, அந்தப் பக்கம் நிற்பவருக்கு இது முகக் கண்ணாடி ஐயா. இருட்டில் நிற்பவருக்குத்தான் உள்ளே தெரியும். பிலிம் ஒட்டுவது என் தாய்மாமன் தொழில். பகலில் வெளியே இருந்து பார்த்தால் வீட்டுக்குள் தெரியாது, இரவில் உள்ளே விளக்குப் போட்டால் தெருவுக்கே தெரியும் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். நானும் கூடப் போவேன்."

"எப்போது போவாய்?"

"இரவில்தான் ஐயா. கடை அடைத்த பிறகுதானே கடைக் கண்ணாடியில் ஒட்ட முடியும்?"

அவன் இயல்பாகத்தான் சொன்னான். நான்தான் தலைகுனிந்தேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அறிஞர் இப்னு அல்-ஹைதம், கண் மட்டும் காண்பதில்லை, மனமும் கணித்தே காண்கிறது என்று விளக்கியதை வகுப்பில் கற்பித்தவன் நான். கற்பித்தவன் கற்றேனா? ஆழமில்லாத பெட்டிக்குள் ஆழம் தேடினேன். ஆழமுள்ள மாணவனை மேலோட்டமாகப் பார்த்து முடிவு கட்டினேன். பட்டம் தந்த வெளிச்சத்தில் நின்று அவனைப் பார்த்தேன்; என் முகமே தெரிந்தது. எந்தச் செய்தியை அவன் கவனிக்கவேண்டும் என்று நான் நினைத்தேனோ, அதை அவன் கவனிக்கவில்லை. கவனமில்லாதவன் என்று தீர்ப்பெழுத அது போதுமா?

அன்று மாலையே அவன் தாய்மாமனைப் போய்ப் பார்த்தேன். பள்ளி நாட்களில் இரவு வேலைக்கு அவனை அழைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். மதிப்பெண் அட்டையில் எழுதிய சிவப்பு எழுத்தை அழிக்க இயலவில்லை. அதன் கீழே, 'மேலே எழுதியது ஆசிரியரின் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

கண்காட்சியன்று பெட்டியருகே நின்று விளக்கம் தந்தவன் அவன். விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் நின்று கேட்டவன் நான்.