பண்ணும் பதிவும்

தேவாரத் திருப்பதிகங்கள் சொல்லும் பண்ணும் என்னும் இரண்டானும் ஆயவை. சொல்லை ஏடு தாங்கும். பண்ணை ஏடு தாங்காது. பதிகத்தின் தலைப்பிலே ‘பண்: கொல்லி’ எனப் பெயர் பொறித்து வைக்கலாமேயன்றி, அப்பண் எவ்விடத்து எழுந்து எவ்விடத்து அடங்கும் என்பதை எழுத்தாணி காட்ட வல்லதன்று. இதனைத் திருமுறைகண்ட புராண வரலாறே நமக்கு உணர்த்துகின்றது. தில்லையிலே திருக்காப்பிட்டிருந்த அறையைத் திறப்பித்தபோது, செல்லரித்தன போக எஞ்சிய ஏடுகள் கிடைத்தன. நம்பியாண்டார் நம்பிகள் அவற்றைத் தொகுத்தருளினார். சொல் கிடைத்தது, பண் கிடைத்திலது. பின்னர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார் ஒருவரைக் கொண்டே பண்முறை வகுக்கப்பெற்றது என்ப. ஏடுகள் அறையினுள் இருந்தன. பண்களோ ஒரு மரபினரின் மிடற்றில் இருந்தன. அம்மரபும் அற்றுப்போயிருப்பின் நாம் இன்று பதிகங்களைப் படிப்போமேயன்றிப் பாடோம்.

மிடற்றொலியைத் தானே பற்றி வைக்கும் கருவி மிகப் பிற்காலத்தே தோன்றியது. 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவிலே கிராமபோன் கம்பெனியார் இந்நாட்டு இசையைத் தட்டுக்களிற் பதியத் தொடங்கினர். அக்காலத்துப் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய 3 நிமிடமே ஓடும். பதினொரு திருப்பாட்டுக்கள் கொண்ட பதிகம் அதனுள் எங்ஙனம் அடங்கும்? பண்ணை விரித்து ஆலாபனை செய்தற்கும் இடமில்லை. எனினும், கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் போன்றாருடைய குரல் அத்தட்டுக்களின் வழியாகவே வீடுதோறும் புகுந்தது. 1938-இல் சென்னை வானொலி நிலையம் தொடங்கிற்று. 1963-இல் காசெட் நாடா வந்தது. கால வரையறை சிறிது சிறிதாகத் தளர்ந்தது. தருமபுரம் ப. சுவாமிநாதன் அவர்கள் ஓதிய திருமுறைப் பதிவுகளைக் கேட்டுப் பயன்பெறும் அன்பர் இன்று எந்நாட்டிலும் உளர்.

அடியேன் வாழும் கணியூர் அமராவதியாற்றை அடுத்தது. இவ்வூர்ப் பக்கத்துச் சிவாலயங்களில் நிகழும் திருமுறை இன்னிசையைச் சில ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகின்றேன். கையிலடங்கும் ரெக்கார்டர் ஒன்றும், சிறிய மிக்ஸர் ஒன்றும், மைக்குகள் இரண்டுமே என்னிடம் உள்ளவை. இப்பணியில் ஈடுபட விரும்பும் அன்பர்க்குப் பயன்படுமாறு சில கூறுவல்.

ஒலிபெருக்கி அமைப்போரிடம் உள்ள மிக்ஸரிலிருந்து ஒரு கம்பியை வாங்கி ரெக்கார்டரிற் செருகிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் கருதுவர். அஃது அன்று. அந்த மிக்ஸர் மண்டபத்தில் இருப்பார்க்குக் கேளாத ஒலியை நிரப்புதற்கு அமைந்தது. ஓதுவார் குரல் மெலிது ஆதலின் அதனைப் பெருக்கும்; மிருதங்கம் இயல்பாகவே செவிக்கு எட்டுமாதலின் அதனைச் சிறிதளவே சேர்க்கும். அக்கலப்பை அவ்வாறே பதிந்தால் குரல் தனித்து நிற்கும். மிருதங்கம் எங்கோ சேய்மையில் ஒலிக்கும். கருங்கல் மண்டபத்தின் எதிரொலியும், அடியார் கூட்டம் உடன்பாடும் ஒலியும் அறவே இரா. ஆதலின் மிக்ஸரின் ஒலியை ஒரு தடத்திலும், ஓதுவாருக்கு எதிரே நிறுத்திய இரட்டை மைக்குகளின் ஒலியை வேறு தடத்திலும் தனித்தனியே பதிந்து, பின்னர் வீட்டிலே அமைதியாக இருந்து சேர்ப்பதே தக்கது. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். மைக் 17 மீட்டர் அப்பால் இருப்பின் அதன் ஒலி விநாடியில் இருபதில் ஒரு பங்கு பிந்தும். அதனைத் திருத்தாது சேர்த்தால் தாளம் இரட்டித்துக் கேட்கும்.

ஒலியளவை அமைப்பதிலும் கருத்து வேண்டும். ஓதுவார் மந்தமாகத் தொடங்கி, நிறைவுப் பாட்டில் உச்சத்தை எட்டுதல் இயல்பு. ஆதலின் அளவுகோலின் எல்லைக்கு 12 டெசிபெல் கீழே மிகுந்த ஒலி நிற்குமாறு வைத்தல் நன்று. எல்லையைக் கடந்த ஒலி முறிந்துவிடும். முறிந்ததை மீட்டல் அரிது. தாழ்ந்ததையோ பின்னர் உயர்த்திக்கொள்ளலாம். விநாடிக்கு 48,000 மாதிரி, மாதிரி ஒன்றுக்கு 24 பிட் என்னும் அளவில் இரண்டு தடங்களைப் பதிந்தால் ஒரு மணிநேரத்திற்கு ஒரு ஜிகாபைட்டுக்குச் சிறிது மேற்பட்ட இடமே செல்லும். முழுப் பதிகத்தையும் ஆலாபனையோடு பதியும் பேறு இன்று எளியவர்க்கும் எய்தியிருக்கின்றது.

அற்றேல், கருவியே ஆசிரியன் ஆகுமோ எனின், ஆகாது. இதற்கு யான் கண்ட ஒன்றே சான்று. எம் பக்கத்து முதிய ஓதுவார் ஒருவர் திருமுருகன்பூண்டிப் பதிகத்தைப் பழம்பஞ்சுரத்தில் ஓதியதைப் பதிந்து, பயிலும் சிறுவன் ஒருவனுக்குக் கொடுத்தேன். அவன் அதனைப் பன்முறை கேட்டு, ஓர் அசைவும் வழுவாமல் அவர் முன்னிலையிற் பாடினான். பெரியவர் கேட்டுப் புன்முறுவல் செய்து, “தம்பி, ஈற்றிலே ஒரு நடுக்கம் கொடுத்தாயே, அது பண்ணுக்கு உரியது அன்று, என் வயதுக்கு உரியது. அதை எனக்கே விட்டுவிடு” என்றார். பின்னர் அவ்விடத்தைத் தம் தந்தையார் தமக்குச் சொல்லிய வண்ணம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். பண்ணையும் முதுமையையும் ரெக்கார்டர் ஒப்பவே பதிந்தது. இஃது இது, அஃது அது எனப் பிரித்துக் காட்ட அவர் ஒருவரே வல்லராயினார். சென்ற ஆண்டு அவர் சிவபதம் அடைந்தார். அவர் ஓதிய பதிகங்களுட் சிலவே என்னிடம் பதிவாக உள்ளன. அவற்றினும் மிகப் பல அவரோடு சென்றன.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நான்கனுள் கருவி உதவுவது முதலாவதற்கே. அதற்கும் அது செவ்வனே உதவுதல் வேண்டுமாயின், ஓதுவார் இசைவு பெற்றுப் பதிதல் வேண்டும். அவர் பெயர், அவர்க்குக் கற்பித்தவர் பெயர், தலம், நாள், பண், சுருதி ஆகியவற்றைப் பதிவோடு குறித்து வைத்தலும் வேண்டும். குறிப்பில்லாத பதிவு, முதலும் ஈறும் சிதைந்த ஏட்டினை ஒக்கும். ஒருவர் பதிவே எங்கும் பரவிப் பிற பாடமுறைகளை மறைத்துவிடாதபடி, ஒரே பதிகத்தைப் பலர் பாடக்கேட்டுப் பதிதலும் இன்றியமையாதது. படிகளை மூன்று இடங்களிலேனும் காத்தல் நலம்.

எம் மாவட்டத்து அவிநாசியிலே, முதலை உண்ட பாலனைச் சுந்தரமூர்த்தி நாயனார் மீட்டருளிய வரலாற்றை அன்பர்கள் அறிவர். விழுங்கப்பட்ட அன்றைய உருவத்தோடு அப்பிள்ளை வந்திலன். இடைப்பட்ட ஆண்டுகளின் வளர்ச்சியோடு வந்தான். கருவி தன்னுட் கொண்ட பாட்டைக் கொண்ட வண்ணமே தரும். அஃதும் ஒரு பேறே. ஆயின், அப்பாட்டை வளர்ச்சியோடு தருவது ஆசிரியர் மாணாக்கர் வழிவரும் மரபு ஒன்றே. ஆதலின், தத்தம் ஊர் ஓதுவாமூர்த்திகள் பாடவல்லராய் இருக்கும்போதே அவர் ஓதுவனவற்றைப் பதிந்து வைக்குமாறும், அவர் அருகே ஒரு சிறுவனையேனும் சிறுமியையேனும் பயில இருத்துமாறும் சைவ நன்மக்களை வேண்டுகின்றேன். முன்னையது ஓர் இரவில் முடியும். பின்னையதற்குப் பல ஆண்டுகள் வேண்டும். இரண்டற்கும் திருவருள் முன்னிற்க.