வெள்ளை நூலும் 28ஆம் பிரிவும்

சென்ற ஆண்டு ஒருநாள் மஃரிபுக்குப் பின், நம்மிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை மதரஸா வாசலில் காத்திருந்தார். அவருடைய மகன் படிக்கும் அரசு உதவி பெறும் பள்ளியில், காலைப் பிரார்த்தனையில் அனைவரும் கைகூப்பிப் பாடியாக வேண்டுமாம். இதற்குச் சட்டத்தில் ஏதேனும் வழியுண்டா என்று கேட்டார். "அது நிர்வாகத்தின் விருப்பம், சட்டத்தில் ஒன்றுமில்லை" என்று கூறிவிட்டோம். எப்போதோ ஒரு மேடையில் கேட்ட பேச்சைத் தவிர நம்மிடம் வேறு ஆதாரம் இல்லை. மார்க்க விஷயத்தில் எவரேனும் இப்படிப் பேசியிருந்தால், எந்தக் கிதாபில் இருக்கிறது என்று உடனே கேட்டிருப்போம்.

ஒரு வாரம் கழித்து, நம்மிடம் முன்பு ஓதிய கல்லூரி மாணவர் ஒருவர் அரசியல் சாசனத்தின் தமிழாக்கத்தைக் கொண்டுவந்து 28ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைக் காட்டினார். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் கல்வி நிலையத்தில், சமய போதனையிலோ வழிபாட்டிலோ எவரையும் அவரது சம்மதமின்றிக் கலந்துகொள்ளச் செய்யலாகாது. சிறுவராயின் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். படிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும் வாசகம். அந்த ஒரு வாரமும் பிள்ளை வயிற்றுவலி என்று கூறிப் பள்ளிக்குப் பிந்திச் சென்றான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்றிரவே பள்ளிக்குக் காரமான கடிதம் ஒன்று எழுத முனைந்தோம். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் சகோதரர் தடுத்தார். "அந்தப் பாடல் சட்டத்தின் பார்வையில் வழிபாடுதானா? அதை யார் முடிவு செய்வது, ஹள்ரத்?" என்று கேட்டார். பின்னர் கேரளத்து வழக்கு ஒன்றை விவரித்தார். யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. தீர்ப்புக்கு ஆதாரமானவை 19, 25 ஆகிய பிரிவுகள். 19ஆம் பிரிவு பேச்சுரிமையைத்தான் சொல்கிறது, மௌனத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நாம் நூறு முறை வாசித்திருந்தாலும் அது நமக்குத் தோன்றியிராது.

அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. நோன்பு வசனத்தின் வெள்ளை நூலையும் கறுப்பு நூலையும் அவர் உண்மை நூல்களாகவே கருதித் தலையணைக்குக் கீழ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவின் இருளும் பகலின் வெளிச்சமுமே அவை என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். அரபு அவருடைய தாய்மொழி! வஹீயை மனிதர் இயற்றிய சாசனத்தோடு நாம் ஒப்பிடவில்லை. சாசனம் திருத்தப்படுவது. 1978இன் 44ஆம் திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்தே நீக்கிவிட்டது. வாசிக்கும் முறையை மட்டுமே இங்கு பேசுகிறோம்.

கடிதத்தைத் திருத்தி எழுதினோம். பிரிவின் வாசகம் முழுவதையும் சேர்த்து, பிள்ளை கைகட்டி அமைதியாக நிற்க அனுமதி கோரினோம். தந்தை கையொப்பமிட்டார். தலைமையாசிரியர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார்.

அடுத்த ஜுமுஆவுக்குப் பின் அந்தத் தந்தையை அழைத்து, நாம் முதலில் கூறியது தவறு என்று ஒப்புக்கொண்டோம். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன், ஹள்ரத்" என்றார்.